தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

“உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்!” அடம்பிடிக்கும் பேரனைப் பார்த்துப் பாட்டி இப்படிச் சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்த சீயமங்கலமும் அதற்கு விலக்கில்லை. பையனின் முகம் சுண்டிப்போகும். அக்காள் சிரிப்பாள். கடைசியில் அம்மா வந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “பாட்டி சும்மா சொல்லுதுடா” என்பாள். நாடகம் அத்தோடு முடியும்.

இந்தக் கேலிக்குப் பின்னால் கேலியே இல்லாத ஒரு வழக்கம் இருக்கிறது. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போன வீட்டில், அடுத்த பிள்ளை பிறந்ததும் அதைக் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்துவார்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துவிடுவார்கள். பிறகு தவிட்டை அளந்து கொடுத்து அவளிடமிருந்து ‘விலைக்கு’ வாங்கிக்கொள்வார்கள். பெற்ற பிள்ளை இல்லை, வாங்கிய பிள்ளை என்று எமனை ஏமாற்றுவதற்கான ஏற்பாடு. குப்பன், குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள் என்ற பெயர்களில் பலவும் அப்படி வந்தவைதான். சொந்தப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக, ஊரார் பிள்ளை என்று கூசாமல் பொய் சொன்ன ஜனங்கள் நாம். நிஜமாகவே ஊரார் பிள்ளை ஒன்றை, அதுவும் ஏழெட்டு வயது வளர்ந்த பிள்ளையை, வீட்டுக்கு அழைத்துவரும் பேச்சு எழுந்தால் மட்டும் ஆளாளுக்கு வாசலைப் பார்க்கிறோம்.

அந்தப் பிள்ளையை அழைத்துப்போக ஆள் வருகிறது, கடல் தாண்டி.

அமெரிக்காவின் ஏதோ ஒரு சிற்றூரில், சனிக்கிழமை காலையில், ஒரு குடும்பம் தன் வீட்டு வாசலில் பழைய சைக்கிள், பழைய உடுப்பு, பிள்ளைகள் விளையாடி முடித்த பொம்மைகள் ஆகியவற்றைப் பரப்பி விற்கும். டி-சட்டை அச்சடித்துத் தேவாலயத்தில் விற்கும். படத்துண்டுகளைச் சேர்க்கும் விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி, துண்டுக்கு இத்தனை டாலர் என்று விலை வைக்கும். பணம் கொடுத்தவரின் பெயரைத் துண்டின் முதுகில் எழுதி, எல்லாம் விற்றுத் தீர்ந்ததும் படத்தைச் சேர்த்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வரப்போகும் குழந்தையின் அறையில் மாட்டும். நூறு குடும்பங்களின் பெயர் அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும். இதெல்லாம் அங்கே வெகு சாதாரணம். இப்படி நிதி திரட்டும் குடும்பங்களுக்கு உதவவென்றே அமைப்புகள் உள்ளன. சீனாவிலிருந்து மூன்று பெண் குழந்தைகளைத் தத்தெடுத்த பாடகர் ஸ்டீவன் கர்ட்டிஸ் சாப்மனும் அவர் மனைவியும் தொடங்கிய ‘ஷோ ஹோப்’ அவற்றில் ஒன்று. மனவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் தத்துக்குப் பணம் சேர்க்க 2006-இல் தொடங்கிய ‘ரீசஸ் ரெயின்போ’ இன்னொன்று.

அவ்வளவு பணம் எதற்கு? வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க அமெரிக்கக் குடும்பம் ஒன்றுக்கு 20,000 முதல் 50,000 டாலர் வரை செலவாகிறது. முகவர் அமைப்பின் கட்டணம், வீட்டாய்வு, குடிவரவுத் துறைப் படிவங்கள், மொழிபெயர்ப்பு, விமானச் செலவு, தங்கும் செலவு என்று ஒவ்வொன்றாகக் கூடும். இதில் இந்தியக் குழந்தைக்காக இங்குள்ள தத்து மையத்துக்குச் செலுத்த வேண்டியதாக நம் அரசு நிர்ணயித்த தொகை 5,000 டாலர். நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல். செலவான பணத்தில் ஒரு பகுதியை வருமான வரிச் சலுகையாக அமெரிக்க அரசு திருப்பித் தருகிறது; 2024-இல் அதன் உச்சவரம்பு குழந்தைக்கு 16,810 டாலர். அது கைக்கு வருவது பிறகு. முதலில் பணத்தைப் புரட்டியாக வேண்டும்.

இதைப் படிக்கும் செஞ்சிக்காரருக்கு இரண்டு எண்ணம் வரும். ஒன்று, பிள்ளைக்காக வசூல் செய்வதா என்ற அருவருப்பு. அந்த அருவருப்பு நமக்குப் பொருந்தாது. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் நோட்டுப் போட்டு மொய் எழுதுகிறோம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் பணம் திரட்டுவதற்கென்றே மொய் விருந்து வைத்து, ஆட்டுக்கறி போட்டு, லட்சக்கணக்கில் வசூலிக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு வெட்டியவர் உண்டு, கடன் அடைத்தவர் உண்டு, மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர் உண்டு. வீட்டுக்கு ஒரு பிள்ளை வருவதற்காக ஊரார் நூறும் இருநூறுமாகக் கொடுப்பதில் கேவலம் எதுவும் இல்லை.

இரண்டாவது எண்ணம்தான் முக்கியம். இத்தனை டாலர் செலவழித்து அவர்கள் கூட்டிக்கொண்டு போவது எந்தக் குழந்தையை?

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 59-வது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. சட்டப்படி தத்துக்குரியதாக அறிவிக்கப்பட்ட குழந்தைக்கு 60 நாள்களுக்குள் இந்தியப் பெற்றோரோ வெளிநாடுவாழ் இந்தியப் பெற்றோரோ அமையாவிட்டால், அந்தக் குழந்தை அயல்நாட்டுத் தத்துக்குத் திறந்துவிடப்படும். கூடவே ஒரு வரி: உடல், மனக் குறைபாடு உள்ளவர்கள், உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து இருப்பவர்கள், ஐந்து வயதைக் கடந்தவர்கள் ஆகிய மூன்று வகைக் குழந்தைகளுக்கு அயல்நாட்டுத் தத்தில் முன்னுரிமை தரலாம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இப்படிச் சொல்கிறது என்றால், இந்தக் குழந்தைகளை இந்திய வீடுகள் ஏற்காது என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது என்றுதான் பொருள்.

ஒப்புக்கொள்ளக் காரணமும் இருக்கிறது. நாடாளுமன்ற நிலைக்குழு 2022 ஆகஸ்டில் தந்த அறிக்கையின்படி, 2021 டிசம்பரில் ‘காரா’ எனப்படும் மத்திய தத்துவள ஆதார அமைப்பிடம் பதிவு செய்து காத்திருந்த பெற்றோர் 27,939 பேர். அப்போது சட்டப்படி தத்துக்குரியவர்களாக அறிவிக்கப்பட்டிருந்த குழந்தைகள் 2,430 பேர். ஒரு குழந்தைக்குப் பதினோரு வீடு! இந்தக் கணக்குப்படி ஒரு குழந்தைகூட இல்லத்தில் மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனாலும் மிஞ்சுகிறார்கள். வரிசையில் நிற்கும் பெற்றோரில் பெரும்பாலோருக்கு வேண்டியது இரண்டு வயதுக்கு உட்பட்ட, நோய்நொடி இல்லாத குழந்தை. அதற்காக மூன்று ஆண்டுக்கு மேல்கூடக் காத்திருக்கிறார்கள். 2023-24-இல் இந்தியாவில் நடந்த 4,009 தத்துகளில் 449 குழந்தைகள் வெளிநாடு போனார்கள். 2024-25-இல் மொத்தம் 4,515 ஆக உயர்ந்து, வெளிநாடு போனது 360 ஆகக் குறைந்தது. அந்த 360-இல் நம் வீடுகள் வேண்டாம் என்று தாண்டிப்போன குழந்தைகளே அதிகம்.

ஏன் தாண்டுகிறோம் என்று கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்தான்: “விவரம் தெரிஞ்ச புள்ள ஒட்டாதுங்க.” சாதி என்ன, குலம் என்ன, யார் பெற்றது என்ற கேள்விகளும் இந்த ஒற்றை வாக்கியத்துக்குள் பதுங்கியிருக்கின்றன. கைக்குழந்தையாக இருந்தால் ஊருக்குத் தெரியாமல் கொண்டுவந்து பெற்றதாகவே சொல்லிவிடலாம். வீடு மாற்றி, ஊர் மாற்றி, வயிற்றில் துணியைக் கட்டிக்கொண்டு நடந்தவர்களின் கதைகள் நம்மிடம் ஏராளம். எட்டு வயதுப் பெண்ணை அப்படி மறைக்க முடியாது. அவள் தெருவில் இறங்கிய அன்றே எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒட்டாது என்பது பாதிப் பேச்சு. மறைக்க முடியாது என்பதுதான் மீதிப் பாதி.

வளர்ந்த பிள்ளையைத் தத்தெடுக்கலாமா என்ற சண்டை ஒன்றும் புதிதல்ல. 1677-இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி வழியில் வந்த தஞ்சை மராட்டிய அரசர் துளஜா, பிள்ளை இல்லாததால் 1787-இல் பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைச் சுவீகாரம் எடுத்தார். பையனுக்கு அப்போது பத்து வயதை ஒட்டிய பிராயம். துளஜா கண்மூடியதும் தம்பி அமர்சிங் அந்தச் சுவீகாரம் செல்லாது என்று கிளம்பினார். பையனுக்கு வயது கூடுதல், பெற்றவருக்கு ஒரே மகன் என்பவை தடையாகக் காட்டப்பட்டன. பண்டிதர்களும் தலையாட்டினார்கள். பையன் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டு, ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் ஆதரவில் படித்து, பதினோரு ஆண்டு கழித்து 1798-இல்தான் அரியணை ஏறினான். அவன்தான் இரண்டாம் சரபோஜி. சரசுவதி மகால் நூலகத்தை இன்று உலகம் தேடிவரும் சுவடிக் களஞ்சியமாக்கியது அந்த ‘வயது கூடிய’ பிள்ளை.

அரசன் வீட்டுக் கதையை வைத்துக் குடியானவன் வீட்டுக்கு நியாயம் பேசக் கூடாது என்று யாராவது சொன்னால், அதுவும் சரிதான். வளர்ந்த குழந்தை வீட்டோடு சேர்வது எளிதில்லை என்பதை ஒப்புக்கொண்டே மேலே பேச வேண்டும். 2017 முதல் 2019 வரை இந்தியக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட 6,650 குழந்தைகளில் 278 பேர் இல்லங்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். நூற்றுக்கு நான்கு. கடையில் வாங்கிய சட்டையை அளவு சரியில்லை என்று திருப்புவதுபோல ஒரு குழந்தை இரண்டாம் முறை வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறது. அப்படித் திரும்பியவர்களில் ஓரளவு வளர்ந்த பிள்ளைகள் அதிகம். முதல் மாதம் எல்லாம் இனிக்கும். இரண்டாம் மாதத்தில் குழந்தை பொய் சொல்லும், சோற்றைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும், “நீ என் அம்மா இல்ல” என்று கத்தும். இவர்கள் என்னை எப்போது கொண்டுபோய் விடுவார்கள் என்று அது சோதித்துப் பார்க்கிறது. இதைத் தெரிந்துகொண்டு தத்தெடுத்தவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். தெரியாமல் எடுத்தவர்கள் மூன்றாம் மாதம் மாவட்ட அலுவலகத்தின் படியேறுகிறார்கள்.

சீயமங்கலத்தின் பெயரில் ஒரு சிங்கம் இருக்கிறது. சீயம் என்றால் சிங்கம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த அவனிபாஜன பல்லவேசுவரம் என்ற குகைக்கோயில் அந்த ஊருக்குப் பெருமை. சிங்கப் பெயர் கொண்ட இன்னொரு கதையை இங்கே சொல்ல வேண்டும். 1986-இல் மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் ரயிலில் தூங்கிப்போய்க் கல்கத்தாவில் கண்விழித்தான். ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தன் பெயரைக்கூடத் தப்பாகச் சொன்னான். ‘ஷேரு’ என்பது அவன் வாயில் ‘சரூ’ ஆயிற்று. ஷேரு என்றால் சிங்கம். அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரத் தம்பதி சூ, ஜான் பிரையர்லி அவனைத் தத்தெடுத்தார்கள். பெற்றுக்கொள்ள முடியாமல் எடுத்தவர்கள் அல்லர். வீடில்லாத பிள்ளைக்கு வீடு கொடுப்போம் என்று தீர்மானித்தவர்கள். பிறகு மன்தோஷ் என்ற இன்னொரு சிறுவனையும் கல்கத்தாவிலிருந்தே எடுத்தார்கள். இல்லத்தில் பட்ட அடிகளோடு வந்த அந்தப் பிள்ளையோடு வாழ்க்கை சுலபமாக இல்லை. ஆனால் அவர்கள் அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

சரூ கூகுள் எர்த் வழியாகத் தன் ஊரைத் தேடிப் பிடித்து, 2012-இல் பெற்ற தாயைப் போய்ப் பார்த்தது உலகத்துக்கே தெரிந்த கதை. 2016-இல் ‘லயன்’ என்ற படமாகவும் வந்தது. திரையரங்கில் அழுதவர்கள் எத்தனை பேர் ஒன்றைக் கவனித்தார்களோ! அந்தத் தாய் பிள்ளையை யாருக்கும் கொடுக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு, மகன் என்றாவது வருவான் என்று அதே பகுதியிலேயே குடியிருந்தாள். ஹோபார்ட் பெற்றோர் செய்ததில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் கண்ட்வாவில் ஒரு தாய் பிள்ளையைப் பறிகொடுத்திருந்தாள்.

அயல்நாட்டுத் தத்தில் நல்ல மனத்தோடு வந்த பணம் கெட்ட கைகளுக்குப் போன கதைகள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. சென்னையில் 2005-இல் அம்பலமான வழக்கு அப்படிப்பட்டது. வடசென்னையின் குடிசைப் பகுதிகளில் வாசலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளைக் களவாடி, தாயே மனமுவந்து ஒப்படைத்ததாகப் போலித் தாள் தயாரித்து, நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தத்து அனுப்பியிருந்தார்கள். வழக்கு சிபிஐ வரை போனது. இலங்கையில் 1980-களில் பிள்ளை பெறுவதற்கென்றே பெண்களை அடைத்து வைத்த ‘குழந்தைப் பண்ணைகள்’ இருந்ததை 2017-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சரே ஒப்புக்கொண்டார். அங்கிருந்து ஐரோப்பா போன குழந்தைகள் ஏறத்தாழ 11,000. அவர்களில் பலர் இன்று நாற்பதைத் தாண்டி, கையில் ஒரு மங்கிய புகைப்படத்தோடு தாயைத் தேடி வருகிறார்கள். காகிதத்தில் இருக்கும் தாயின் பெயர் பல நேரங்களில் பொய். நெதர்லாந்து 2021-இல் விசாரணைக் குழு அறிக்கைக்குப் பின் அயல்நாட்டுத் தத்தை நிறுத்தி வைத்தது. தென் கொரியாவின் உண்மை ஆணையம் 2025-இல் தன் அரசையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. சீனா 2024 செப்டம்பரில் கதவையே மூடிவிட்டது. 1992 முதல் 1,60,000 குழந்தைகளை அனுப்பிய நாடு அது. அமெரிக்காவுக்கு 2004-இல் ஏறக்குறைய 23,000 குழந்தைகள் வந்தார்கள். 2023-இல் 1,300-க்கும் குறைவு. அந்தக் குறைந்துபோன வரிசையில் கொலம்பியாவும் இந்தியாவும்தான் முன்னால் நிற்கின்றன.

இந்தியா இதில் ஓரளவு சீக்கிரமே விழித்துக்கொண்டது. லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் 1982-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளிநாட்டுத் தத்து என்ற பெயரில் குழந்தைகள் விலைபோகிறார்கள் என்பது புகார். நீதிபதி பி.என். பகவதி அதையே பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டு 1984 பிப்ரவரியில் விதிகளை வகுத்தார். 1990-இல் காரா வந்தது. 2003-இல் அயல்நாட்டுத் தத்து குறித்த ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா ஏற்றது. இப்போது குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை என்ற பெயரிலும் தத்து மையம் கை நீட்டக் கூடாது. குழந்தை வெளிநாடு போன பிறகு முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அங்குள்ள அமைப்பு அறிக்கை அனுப்பியாக வேண்டும்.

எனவே டி-சட்டை விற்றுப் பணம் சேர்க்கும் அந்த அமெரிக்கக் குடும்பத்தைத் திட்ட வேண்டியதில்லை, கும்பிடவும் வேண்டியதில்லை. அவர்கள் நாட்டிலேயே பல்லாயிரம் குழந்தைகள் அரசுப் பராமரிப்பில் தத்துக்குக் காத்திருக்கிறார்கள், அவர்களை எடுக்கச் செலவு ஏறக்குறைய இல்லை என்று அமெரிக்கர்களே அவர்களைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வசூலுக்காகக் குழந்தையின் படத்தையும் நோயையும் ஊரெல்லாம் காட்டுவது இன்னொரு உறுத்தல். ஒன்பது வயதுப் பெண் பதினைந்து வயதில் அதைப் பார்ப்பாள். பணம் கேட்கலாம், குழந்தையின் கண்ணீரைக் காட்டிக் கேட்கக் கூடாது. இந்தக் கோட்டை மதிக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு, மதிக்காதவையும் உண்டு.

ஆனால் கேள்வி நம் பக்கம் திரும்புகிறது. சீயமங்கலத்திலோ செஞ்சியிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இப்படி வசூலிக்கும் தேவையே இல்லை. உள்நாட்டுத் தத்துக்கு 2017-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை நிர்ணயித்தது வீட்டாய்வுக்கு 6,000 ரூபாய், குழந்தைப் பராமரிப்பு நிதிக்கு 40,000 ரூபாய். ஒரு நடுத்தரக் காதுகுத்து விருந்துக்கு ஆகும் பந்தல், சாப்பாட்டுச் செலவு. வயதும் தடையில்லை. எட்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 110 வரை இருக்கலாம்; ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் வழி திறந்திருக்கிறது. தனியாக இருப்பவருக்கு 55. நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதும் இல்லை. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர். உடனே தத்து என்றால் தயக்கமாக இருக்கிறதா? வளர்ப்புப் பராமரிப்பு என்று ஒரு வழி உண்டு. 2024-இன் புதிய வழிகாட்டுதல்படி ஆறு வயதைக் கடந்த குழந்தையை வீட்டுக்கு அழைத்துவந்து வளர்க்கலாம். மணமாகாதவர், துணையை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர் யாரும் 35 வயதுக்கு மேல் 60-க்குள் முன்வரலாம். இரண்டு ஆண்டு ஒத்துப்போனால் தத்தாக்கிக்கொள்ளலாம். முன்பு இந்தக் காத்திருப்பு ஐந்து ஆண்டு.

அரசு செய்ய வேண்டியதும் மிச்சம் இருக்கிறது. வளர்ந்த குழந்தையைத் தத்தெடுக்கும் குடும்பத்துக்கு முதல் ஓராண்டு வீடு தேடிவரும் மனநல ஆலோசகர் வேண்டும். வெறும் ஆய்வுக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போகும் ஆள் போதாது. பள்ளிச் சான்றிதழில் பெயரையும் பெற்றோர் பெயரையும் மாற்ற மூன்று அலுவலகம் அலையவிடக் கூடாது. பெரிய செலவில்லை இவற்றுக்கு. அந்த 278 குழந்தைகளில் பாதிப் பேரையாவது இவை திரும்பி வராமல் காத்திருக்கும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. ஐந்து வயது நிரம்பிய குழந்தை என்றால் அதன் சம்மதத்தைக் கேட்டாக வேண்டும். கைக்குழந்தையை நாம் தேர்ந்தெடுக்கிறோம். எட்டு வயதுக் குழந்தையோ நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லும். பல பேருக்கு இதுவே பயம். சீயமங்கலத்துக்காரர்களுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் திருவண்ணாமலையில் இருக்கிறது, செஞ்சிக்காரர்களுக்கு விழுப்புரத்தில். அங்கேயோ காரா இணையதளத்திலோ பதிவு செய்யும்போது, எந்த வயதுக் குழந்தை வேண்டும் என்று ஒரு கட்டம் வரும். இரண்டு வயதுக்குள் என்று குறிக்கப் போகும் கையைக் கொஞ்சம் நிறுத்தி, வீட்டில் இருக்கும் பாட்டியையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதன் பிறகு குறியுங்கள்.